தானாக நின்ற வேன்

வேன் ஏன் நின்றது என்று அதை நிறுத்தியவருக்கே தெரியவில்லை.

"ஏங்க, எதுக்கு நிறுத்தினீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நானா? நான் எங்க நிறுத்தினேன்?" என்றார் டிரைவர், ஹேண்ட் பிரேக்கில் கையை வைத்துக்கொண்டே.

இருபத்தாறு வருஷம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டி, போன வாரம்தான் ஓய்வு பெற்றவர் அவர். ஊரார் பிள்ளைகளை எத்தனையோ பரீட்சைக்கு நேரத்தோடு கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். சொந்த மகளை ஒருநாள்கூட எங்கேயும் கொண்டுபோய் விட்டதில்லை. அந்தக் குறை மனதை அரித்ததால்தான் மச்சானிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த வேனை இரவல் வாங்கியிருந்தார். மகளுக்குப் பத்து மணிக்கு மூளை ஆராய்ச்சி நிலையத்தில் இன்டர்வியூ. இரண்டு தடவை விண்ணப்பித்து ஒன்றும் ஆகாமல், மூன்றாம் தடவைதான் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

இப்போது மணி ஒன்பது ஐந்து.

"அப்பா, இது பஸ் ஸ்டாப்," என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மகள்.

அவர் சுதாரிப்பதற்குள் கதவு சர்ரென்று திறந்தது. துணி மூட்டையோடு தையல்காரம்மா ஏறினார்.

"என்னண்ணே, ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க? வண்டிதான் சின்னதாயிடுச்சா?"

அவருக்குப் பின்னாலேயே ஒருவர், கையில் விரித்த ஃபைலோடு, டிரைவர் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறினார். கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர், ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் சில்லறையை நீட்டினார். மனைவி அதை வாங்கிவிட்டாள். யாராவது நீட்டினால் கை சும்மா இருக்குமா?

"இது பஸ் இல்லீங்க," என்றாள் அதற்கப்புறம்.

"பரவாயில்லம்மா," என்றார் ஃபைல்காரர், பக்கத்தைப் புரட்டியபடி.

"இறங்கச் சொல்லுங்கப்பா!"

"ஏறினவங்களை நடுவழியில இறக்கிவிட்டு எனக்குப் பழக்கமில்ல பாப்பா. தண்ணித் தொட்டிகிட்ட நாம திரும்பும்போது இறங்கிக்கட்டும்."

அடுத்த ஸ்டாப்பிலும் வேன் தானாக நின்றது. டிரைவர் தன் வலது காலை அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"என்னவோ ஆயிடுச்சு எனக்கு," என்றார்.

"ஒண்ணும் ஆகலப்பா," என்றாள் மகள். "நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளை யோசிச்சு வேலை செய்யும். ஆனா எல்லாத்துக்கும் யோசிச்சுட்டிருந்தா அதுக்குக் கட்டுப்படியாகாது. அதனால திரும்பத் திரும்பச் செய்யறதை, உள்ளே ஆழத்துல இருக்கிற நரம்புக் கூட்டத்துகிட்ட ஒப்படைச்சிடும். இப்ப வண்டி ஓட்டுறது அதுதான். நீங்க இல்ல."

"அப்ப நான் என்ன பண்றேன்?"

"சும்மா உட்கார்ந்துட்டு வர்றீங்க."

"இருபத்தாறு வருஷமா அதுக்கா சம்பளம் வாங்கினேன்?"

மனைவிக்கு யோசனை பிறந்தது. "அந்த நெத்தி மூளையைத் தூங்க விடாம நான் பேச்சுக் கொடுக்கறேன்." மகள் "வேண்டாம்மா" என்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "ஏங்க, வீடு கட்டும்போது சமையலறை ஜன்னலை ஏன் சுவரைப் பார்க்க வெச்சீங்க?"

பதினாறு வருஷத்துச் சண்டை அது. டிரைவர் பொங்கி எழுந்தார். காற்று, வெளிச்சம், கொத்தனார், கொத்தனாரின் மச்சினன் என்று ஒன்று விடாமல் எடுத்துப் போட்டு வாதாடினார். நெற்றி மூளை கொழுந்துவிட்டு எரிந்தது. வேன் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி நேராகப் போய், இரண்டு ஸ்டாப்பில் பிசகாமல் நின்று, இன்னும் நான்கு பேரை ஏற்றிக்கொண்டது.

"அம்மா! யோசிக்கிற மூளை உன்கூடச் சண்டை போடப் போயிடுச்சு. வண்டியை மொத்தமாப் பழக்கத்துகிட்ட கொடுத்துட்டியே!"

மணி ஒன்பது முப்பத்தைந்து. நடுவில் தடுப்புச் சுவர் கட்டிய சாலை. மார்க்கெட் பக்கம் இருக்கும் ஒரே இடைவெளியில்தான் வண்டியைத் திருப்ப முடியும்.

"எறங்குங்கப்பா. நான் ஓட்டறேன்."

மகள் ஓட்டினாள். இரண்டு நிமிஷம் வண்டி நன்றாகத்தான் போனது. அப்புறம் ஸ்டாப் வந்தது, வேனும் நின்றது. தையல்காரம்மா "போயிட்டு வரேன் கண்ணு" என்று இறங்கிப் போனார்.

மகளுக்கு வேர்த்தது. அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்பா. இந்தச் சாலையில்தான், லீவு நாள் காலைகளில், ஒவ்வொரு ஸ்டாப்பாக நிறுத்திக் காட்டி.

"கோட்டுமேலயே நிறுத்தினே பாரு பாப்பா!" என்றார் டிரைவர். அந்த நிலைமையிலும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி இருக்கையிலிருந்து ஃபைல்காரர் தொண்டையைக் கனைத்தார். "குறுக்கே பேசறேன்னு நினைக்காதேம்மா. நரம்பு, பழக்கம் எல்லாம் சும்மா சாக்கு. கவனம் இருந்தா யாரும் வழி தவற மாட்டாங்க."

மகளுக்குச் சுர்ரென்று ஏறியது. "கவனம் டார்ச் லைட் மாதிரி சார். ஒரு இடத்துலதான் விழும். மத்த இடத்துல பழக்கம்தான் நடத்தும். தினம் ஒரே மூலையில தீனி வெச்சுப் பழக்கின எலி, தீனியை எடுத்துட்டாலும் அதே மூலைக்குத்தான் ஓடும்."

"எலியும் மனுஷனும் ஒண்ணா?"

"இல்ல சார். எலி சாக்குச் சொல்லாது."

ஃபைல்காரர் சிரித்துவிட்டார். முதல்முறையாக ஃபைலை மூடினார். "சரி, அந்த நரம்புக் கூட்டம் கெட்டுப்போனா?"

"தினம் செய்யற வேலையைக்கூடப் புதுசா யோசிச்சு யோசிச்சுச் செய்யணும். சட்டைப் பொத்தான் போடவே பெரும்பாடு."

"நல்லாப் படிச்சவன் தப்பிச்சுக்குவான் இல்லையா?"

"தெரிஞ்சு வெச்சிருக்கிறது வேற, தப்பிக்கிறது வேற சார். என்னையே பாருங்க..."

அவள் பார்த்தாள். மார்க்கெட் எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது. எதிரே டெர்மினஸ். மணி பத்து ஐந்து.

எல்லோரும் நன்றி சொல்லி இறங்கிப் போனார்கள். டிரைவர் வேன் படியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாரையும் கொண்டுபோய் விட்டேன். என் பிள்ளையைக் கெடுத்துட்டேனே."

"நானும்தானேப்பா ஓட்டினேன். விடுங்க," என்றாள் மகள். விட்டுவிட அவளாலும் முடியவில்லை. மூன்று வருஷம் படித்ததெல்லாம் மார்க்கெட்டோடு போய்விட்டதே.

"ஒரு போன் போட்டுச் சொல்லிப் பாரேன்," என்றாள் அம்மா.

"யாரும்மா எடுப்பாங்க? எல்லாரும் இன்டர்வியூல இருப்பாங்க."

அப்போது ஃபைல்காரர் எதிர்ச்சாரியில் ஒரு பெரிய கேட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏம்மா, மூளை ஆராய்ச்சி நிலையம் ஏன் பூட்டிக் கிடக்குது? இன்னிக்கு வேலை நாள்தானே?"

"அது போன மாசமே ஊருக்கு அந்தக் கோடியில புதுக் கட்டடத்துக்கு மாறிடுச்சே சார். எனக்கு இன்டர்வியூவே அங்கதான்," என்று மகள் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விலாசத்தை இரண்டு தடவை படித்தார். கடிதத்தின் அடிப்பகுதியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"இந்த விலாசத்தைப் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டது நான்தாம்மா."