வெயில் படாத கட்டைவிரல்

"மாமா, உங்க கட்டவெரலுல மட்டும் ஏன் வெயிலே படல?"

பக்கத்து வீட்டுச் செல்வி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. பாண்டுரங்கனுக்கு முப்பத்தெட்டு. சென்னையிலிருந்து தபாலில் வந்த பொய்க் கட்டைவிரலை அவர் மாட்டிக்கொண்டு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பாண்டுரங்கன் உத்திரமேரூரில் ஒரு நெசவாளர் சங்கத்தில் எழுத்தர். ஒன்பது வருஷமாகத் தற்காலிக எழுத்தர். ஓய்வு நேரத்தில் கல்யாணம், காதுகுத்து வீடுகளில் சீட்டும் காசும் வைத்து வித்தை காட்டுவார். புதிதாக வந்திருப்பது உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் விரல். நிஜ விரல்மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சின்னப் பட்டுத் துணியைக் கைக்குள் திணிப்பதுபோல் அந்தக் கூட்டுக்குள் திணித்துவிட்டு வெறுங்கையைக் காட்டினால் துணி மாயம்.

கூடவே வந்த காகிதத்தில், 'கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் எவராலும் கண்டுபிடிக்க இயலாது. பதினைந்து நாள் சோதித்துப் பாருங்கள். திருப்தி இல்லையேல் திருப்பி அனுப்பலாம்' என்று அச்சடித்திருந்தது. விரலைச் செய்தவன் எந்த தேசத்து மனிதனை மனதில் வைத்துச் செய்தானோ, அது ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது.

பாண்டுரங்கன் நோட்டில் எழுதினார்: 'சோதனை ஒன்று. தோல்வி. காரணம், நிறம்.'

திருப்பி அனுப்ப நேரமில்லை. வெள்ளிக்கிழமை சங்கத் தலைவர் ஜெகநாதன் பேத்திக்குக் காதுகுத்து. தலைவர் முதல் வரிசையில் உட்காருவார். அவர் மனம் குளிர்ந்தால் வேலை நிரந்தரமாகும். ஒன்பது வருஷமாக அவர் "பாக்கலாம்" என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெள்ளக்காரன் வெரல வாங்கியாந்து நம்ம கையில மாட்டிக்கினா எப்டிங்க?" என்றாள் மனைவி கஸ்தூரி. "குடுங்க, காப்பியில ஊற வெக்கறேன்."

மறுநாள் காலை விரல் அசல் உத்திரமேரூர் விரலாக வெளியே வந்தது. பாண்டுரங்கன் அதை மாட்டிக்கொண்டு பெருமையாக வாசலில் நின்றார். செல்வி வந்தாள்.

"மாமா, உங்கள எறும்பு கடிக்கவே கடிக்காதா?"

கட்டைவிரல் முழுக்கச் சிற்றெறும்பு. பாண்டுரங்கனுக்கு எதுவும் தெரியவில்லை, எப்படித் தெரியும்?

"பழக்க தோஷத்துல வெல்லம் போட்டுட்டேங்க," என்றாள் கஸ்தூரி.

'சோதனை இரண்டு. தோல்வி. காரணம், வெல்லம்.'

அடுத்து அவர் சாயப்பட்டறை முனிரத்தினத்திடம் ஓடினார். பட்டுக்கு நாற்பது விதமான பழுப்பு ஏற்றத் தெரிந்தவர் அவர். பாண்டுரங்கனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பட்டுன்னா நான் பொறுப்பு. இது இன்னா எழவோ, கொதிக்கிற தண்ணியில இன்னா ஆவும்னு எனுக்குத் தெரியாதுபா."

"நிறம் வந்தாப் போதும்ணே."

நிறம் வந்தது. அப்படியே வந்தது. ஆனால் கொதியில் விரல் இளகி ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. கையை ஆட்டினால் கழன்றது.

புதன்கிழமை கூலி நாள். கைநாட்டு வைக்கிறவர்களின் விரலைப் பிடித்து மையில் ஒற்றி, பேரேட்டில் பதிப்பது பாண்டுரங்கனின் வேலை. பதித்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் அந்த மையைத் துடைத்தும் விடுவார். அது அவர் வேலையில்லை. ஆனால் மைக் கையோடு போய்ப் பட்டு நூலைத் தொட்டால் கறை படும், கறைக்குக் கூலியில் பிடிப்பார்கள். ஒன்பது வருஷமாக அவர் ஒருவர்தான் துடைத்துவிட்டார்.

அன்று நூல் சுற்றும் ராணியம்மாள் வந்தாள். இழை பார்த்துப் பார்த்துக் கண் மங்கியவள். எதையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் பார்ப்பாள். பாண்டுரங்கன் பொய் விரலோடேயே அவள் கையைப் பிடித்தார். கை எட்டும் தூரச் சோதனைக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா?

விரல் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

ராணியம்மாள் அதை மூக்குக்கருகே தூக்கிப் பார்த்தாள். பாண்டுரங்கன் வெடுக்கென்று பிடுங்கி மேசைக்குக் கீழே மாட்டிக்கொண்டார்.

"நைனா... இது எப்பலேந்து?"

"நாலு நாளாத்தான். வெளியே சொல்லிடாதே ராணிம்மா. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

"கஸ்தூரிக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவதானே காப்பியில ஊற வெச்சா."

"அம்மா தாயே!" என்று ராணியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "மனுஷங்க ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுட மாட்டேன் நைனா."

சொல்லிவிட்டு அவளே மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துத் தன் விரலைத் துடைத்துக்கொண்டாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். வித்தையைக் கண்டு ஒருத்தி அழுவதைப் பாண்டுரங்கன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

'சோதனை மூன்று. விரல் விழுந்தது. ஆயினும் பார்த்தவர் பிரமித்தார்.'

வெள்ளிக்கிழமை விரலுக்குள் கோந்து தடவி மாட்டினார். தலைவர் வீட்டுப் பந்தலில் நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துணியைத் திணித்தார், கையை விரித்தார், துணி இல்லை. ஆனால் அவர் அவசரத்தில் விரலைத் திருப்பி மாட்டியிருந்தார். கட்டைவிரல் நகம் உள்ளங்கைப் பக்கம் இருந்தது. கையை விரித்த பிறகுதான் கவனித்தார்.

பந்தலில் கைதட்டல் எழுந்தது. கோயில் தேர் நிலைக்கு வரும்போதுகூட அந்த ஊரில் அப்படிக் கைதட்டியதில்லை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தலைவர் எழுந்து வந்து பாண்டுரங்கனின் தோளில் கை போட்டார்.

"போட்டோக்காரரே, இப்டி வாய்யா! பாண்டுரங்கா, அந்தக் கையத் தூக்கிக் காட்டு. திங்கக்கெழமை உனுக்கு ஆர்டர்!"

'சோதனை நான்கு. மாபெரும் வெற்றி. நகம் உள்பக்கம் இருந்தும் எவரும் கண்டுபிடிக்கவில்லை.'

திங்கட்கிழமை கடைநிலை ஊழியர் மணவாளன் ஆர்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ராசியான பொய் விரலோடேயே வந்திருந்த பாண்டுரங்கன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தியா மணவாளா? ஒம்போது வருஷம் உழைச்சதுக்கு வராதது, ஒரு வித்தைக்கு வந்துது."

"வித்தைக்கா?" மணவாளன் அவர் கையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முழுசாப் படி சார். 'ஊனமுற்றோர் ஆண்டை முன்னிட்டு'ன்னு போட்டுக்கீது."

"யாருக்கு ஊனம்?"

"நாங்க யாரும் வெளியே சொல்ல மாட்டோம் சார். ராணியம்மாவும் மனுஷங்ககிட்ட சொல்லல. அம்மன்கிட்டதான் சொல்லிச்சு. அதுக்குச் சத்தமாத்தான் வேண்டத் தெரியும். 'எங்க நைனா கட்டவெரலு போயிட்ச்சே, பிளாஸ்டிக்க மாட்டிக்கினு கணக்கு எழுதறாரே'ன்னு அழுதுக்கினே வெள்ளி வெரலு ஒண்ண உண்டியல்ல போட்ச்சு. பக்கத்துல தலைவரு நின்னுக்கினு இருந்தாரு."

பாண்டுரங்கன் விரலைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலைவர் அறைக்கு ஓடினார். பொய்யாக ஒரு ஊனத்தைச் சொல்லிச் சோறு தின்ன அவர் மனம் ஒப்பவில்லை. நிஜக் கட்டைவிரலைத் தலைவரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அய்யா, எனக்கு விரல் இருக்குங்க! முழுசா இருக்குங்க!"

தலைவர் அதைத் தொட்டார். மடக்கிப் பார்த்தார். பிறகு மேசைமேலிருந்த செய்தித்தாளைத் திருப்பிக் காட்டினார். தோளில் கை போட்ட படம், கீழே 'கருணை உள்ளம் கொண்ட சங்கத் தலைவர்.'

"பேப்பர்ல வந்துட்ச்சு," என்றார் ஜெகநாதன் அமைதியாக. "கலெக்டரு போன் பண்ணிப் பாராட்டிட்டாரு. அத மாட்டிக்கினு போய் வேலையப் பாரு."

அன்று மாலையே பாண்டுரங்கன் கம்பெனிக்கு எழுதினார்: 'ஐயா, பொருளைத் திருப்பி அனுப்ப இயலவில்லை. ஓய்வு பெறும்வரை தேவைப்படுகிறது.'

மறுவாரம் ஒரு நாள், நடை சாத்தும் நேரத்துக்குச் சற்று முன்பு, அம்மன் கோயிலில் ஈ காக்கை இல்லை. பாண்டுரங்கன் வெளியிலேயே பொய் விரலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மடியிலிருந்து ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலரை எடுத்தார். ராணியம்மாளின் பெயரை மட்டும் சொல்லி உண்டியலில் போட்டார்.

உதடு அசையாமல்தான் சொன்னார்.