தலைவரைத் தட்டிக் கேட்கப் போன கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காக யோசித்துவிட்டேன். ஒவ்வொரு ஆடியிலும் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். அம்மன் முன்னால் போய் நின்றதும், 'இன்னும் கொஞ்சம் ஆறட்டும்' என்று தோன்றிவிடும். இன்றுவரை ஆறவில்லை. ஆறாமலேயே எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொய் இருக்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு என் சகலை மேல் பொறாமை. அது மரவள்ளிச் செடி மாதிரி. மேலே பார்த்தால் ஒரு குச்சிதான் தெரியும், தோண்டினால் கூடை கூடையாக வரும்.

சகலை பெயர் முருகேசன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; இதே குண்டூர் நாட்டில் அவன் அடுத்த ஊர். அவன் மிளகுக் கொடிகளைப் பார்த்தால் நமக்கே அழுகை வரும். ஆனால் அவனிடம் ஒரு போனும் அதை மாட்டுகிற குச்சியும் இருந்தன. அதை வைத்து யூடியூபில் சேனல் ஆரம்பித்தான். ரேஷன் கடை ஏன் திறக்கவில்லை, தண்ணீர்த் தொட்டி ஏன் காய்ந்து கிடக்கிறது, ஓட்டுக் கேட்டு வந்த கார் அப்புறம் எங்கே போனது என்று பதவியில் இருப்பவர்களைக் கிழிப்பான். எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டான். மலைச் சனங்களின் வயிற்றில் எரிந்ததெல்லாம் அவன் வாய் வழியாக வந்தது. அவன் பேசிய வாரத்திலேயே தொட்டியில் தண்ணீரும் வந்தது. (அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வராமலே இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன் என்பது வேறு விஷயம்.)

வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு ஊருக்கும் பொதுவான அம்மன் கோயிலைக் கூட்டிக் கழுவுகிறவன் நான். பூசை முடிந்ததும் பூசாரி தட்டோடு நேராக முருகேசனிடம் போவார். "சாமி, லைட்டுக் கம்பம் சாஞ்சு கெடக்குது. ஒரு வீடியோ போட்டு உடுங்க" என்று அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அப்புறம்தான் என் பக்கம் திரும்புவார். அம்மனிடமே முறையிட்டேன்: தாயே, உன் வாசலைக் கழுவுகிறவன் பேச்சைக் கேட்க ஒரு ஆள்கூட இல்லையே.

வீட்டில் அதைவிட மோசம். என் மனைவி செல்வி களி கிண்டும்போதுகூட அடுப்புப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து அவனைத்தான் பார்ப்பாள்.

"ஏனுங்க, எந்தங்கச்சி ஊட்டுக்காரரு பேசறதக் கேளுங்க. கேட்டா இப்படிக் கேக்கோணும்."

"ஏன், நான் கேக்க மாட்டனா?"

"நீங்க கேக்கறதெல்லாம் எங்கிட்டத்தான். கொழம்பு இருக்குதா, தண்ணி சுட்டுதான்னு."

எங்கள் ஊருக்கு மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து வருவது மண்பாதை. மழை பெய்தால் எது பாதை, எது வயல் என்று தெரியாது. செல்வியின் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுப் பிரிவிலேயே நின்றுவிட்டது. டோலி கட்டித்தான் தூக்கிப் போனோம். அம்மன் புண்ணியத்தில் பிழைத்தார். அந்த ரோட்டை யாராவது கேட்டு வாங்கித் தர வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டிருந்தது. அந்த யாராவது முருகேசனாக இருந்துவிடக் கூடாது என்று நான் மட்டும் கூடுதலாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தலைவர் மலைக்கு வருகிறார் என்று தெரிந்தது. (பெயரும் கட்சியும் வேண்டாம். எல்லாக் கட்சியிலும் எனக்குச் சம்பந்திகள் இருக்கிறார்கள்.) பஸ் நிற்காத ஓர் இடத்தில் நிழற்குடை கட்டியிருந்தார்கள், அதைத் திறந்து வைக்க. திரும்பும்போது எங்கள் பிரிவில் காரை மறித்து ரோடு கேட்பதென்று ஊர் முடிவு செய்தது. பேசப்போவது யார் என்றதும் எல்லா முகமும் முருகேசன் பக்கம் திரும்பியது.

"நான் போன் புடிக்கோணுங்க. பேசறது அண்ணன் பேசட்டும்" என்று என்னைக் காட்டினான்.

பெருந்தன்மை! அவன் திட்டியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

மரவள்ளிக் காட்டில் நின்று பேசிப் பழகினேன். 'எங்க ஓட்டுல பதவிக்கு வந்து ஏசி கார்ல போறீங்களே, எங்க ஊருக்குள்ள ஒருக்காவாவது நடந்து வந்து பாத்திருக்கீங்களா?' இதுதான் முத்தாய்ப்பு. பக்கத்தில் மேய்ந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. "பேசுங்க பேசுங்க, அதுக்கும் ஓட்டு இருந்தாப் போடும்" என்று செல்வி களை பிடுங்கிக்கொண்டே சொன்னாள். தலைவர் வரும் அன்று காலை விரதம். நெற்றி நிறையத் திருநீறு. ஒரே வேண்டுதல்: தாயே, இன்றைக்கு ஒருநாள் செல்வி போனில் என் முகத்தைப் பார்க்கட்டும்.

கார் வந்தது. மறித்தோம். முருகேசன் குச்சியை உயர்த்தினான். நான் கதவருகே போய் நெஞ்சை நிமிர்த்தினேன். கண்ணாடி இறங்கியது.

உள்ளே தலைவர் முகம் வெளிறி, ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறு கையில் பிளாஸ்டிக் கவருமாகச் சாய்ந்து கிடந்தார். காலையில் ஏறிவந்த கொண்டை ஊசி வளைவுகள் ஆளைப் பிழிந்துவிட்டிருந்தன. இனி இறங்கவும் வேண்டுமே என்ற பயம் கண்ணில் தெரிந்தது.

நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"அய்யய்யோ சாமி, வாந்தி வருதுங்களா? ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சுக்குக் காப்பி குடிச்சுட்டுப் போங்க!"

பின்னாலிருந்து முருகேசன், "அண்ணா, கேளுங்க! கேளுங்க!" என்று பல்லைக் கடித்தான்.

கேட்டேன். "ஏனுங்க, சக்கர வியாதி இருக்குதுங்களா? கருப்பட்டி போடலாமுங்களா?"

தலைவர் கவரிலிருந்து முகத்தை எடுத்தார். "ஊடு எவ்வளவு தூரம்ப்பா?"

"பக்கந்தானுங்க."

எங்கள் மலையில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே பக்கம்தான். என் வீட்டு ஓடு அங்கிருந்தே தெரிந்தது. (நடுவில் இரண்டு பள்ளமும் ஓர் ஓடையும் உண்டு. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

கார் மண்பாதையில் இறங்கி முதல் பள்ளத்திலேயே அச்சுவரை புதைந்தது. தலைவர் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் ஊரே நடந்தது. "டோலி தூக்கறவங்க இப்படித்தானுங்க போறோம்!" "ஓட்டுக் கேக்க வந்தப்ப வெயில் காலமுங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் கேட்க வேண்டியதையெல்லாம் என்னைத் தவிர எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நான் முன்னால், "பாத்துங்க, இங்க வழுக்குமுங்க" என்று கை நீட்டிக்கொண்டு போனேன்.

ஓடைக்கு இந்தப் பக்கம் அவருடைய செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்தேன். அவர் அதை மறுபடி போட முடியாது, அவ்வளவு சேறு. வீசவும் மனசு வரவில்லை. அதனால் கையில் வைத்துக்கொண்டேன். வீடுவரை.

செல்வி கிழங்குத் தோல் மத்தியில் உட்கார்ந்திருந்தாள். வெறுங்காலோடு தலைவர், அவர் செருப்போடு நான், பின்னால் ஊர். என்னைப் பார்த்த பார்வையில் கிழங்கு வெந்திருக்கும். ஆனால் வாசலுக்கு வந்தவரை ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் உட்காரச் சொல்லி, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். குடிக்கும்வரை நின்றாள்.

"வயிறு தேவலைங்களா?"

"நல்லா இருக்கும்மா."

"நீங்க வந்த வழியிலதான் எங்கம்மாளத் தூக்கிட்டுப் போனோமுங்க. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, போற வழியெல்லாம் 'பக்கந்தானா கண்ணு, பக்கந்தானா கண்ணு'ன்னு கேட்டுட்டே வந்துச்சு. ரோடு எப்பங்க வரும்?"

"கூடிய சீக்கிரம் செஞ்சுடலாம்மா."

"சீக்கிரம்னா? மொளகு பறிக்கறதுக்கு முன்னாலயுங்களா, பின்னாலயுங்களா?"

அவளுக்குக் குரல்கூட உயரவில்லை. தலைவர் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "முன்னாலம்மா" என்றார். (அந்த நிமிடத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். பெருமை இல்லை. முருகேசன் குச்சி முழுக்க அவள் பக்கம் இருக்கிறதே, நான் அதில் தெரிவேனா என்று எட்டிப் பார்த்தேன்.)

தெரிந்தேன். மறுநாள் விடிவதற்குள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தேன். தலைவரின் ஆட்கள் முருகேசனிடம் கேட்டு வாங்கிய வீடியோவில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பிவிட்டார்கள். முன்னால் தலைவர் கம்பீரமாக நடக்கிறார், அருகில் நெற்றி நிறையத் திருநீறோடு நான் அவர் செருப்பை இரண்டு கையிலும் ஏந்தி வருகிறேன். பின்னணியில் நாதஸ்வரம். 'தலைவரைத் தெய்வமாகக் கொண்டாடும் மலைமக்கள்' என்று மேலே எழுத்து. கேள்வியும் இல்லை, சேறும் இல்லை. கோயிலில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெய்வம் தவிர எவனையும் கும்பிடாதவன் நான். அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.

சாயங்காலம் முருகேசன் வந்தான். "அண்ணா, ஒண்ணும் பேசாதீங்க, இதப் பாருங்க" என்று போனை நீட்டினான். வெட்டாமல், ஒட்டாமல், மறித்ததிலிருந்து காப்பிவரை முழுசாகப் போட்டிருந்தான். கடைசியில் அவன் குரல்: "வாந்தி எடுத்தவருக்குக் காப்பி கொடுத்த மனுசன அடிமைன்னு காட்டறீங்களே, அந்தக் காப்பிக்குக் குடுத்த வாக்கு என்னங்க ஆச்சு?"

சனங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எங்கெங்கோ இருந்தவர்கள் பகிர்ந்து பகிர்ந்து, தலைவர் எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருப்பவர்கள் "மொளகுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. மிளகு பறிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் தார் லாரி வந்து நின்றது.

சகலை மேல் பொறாமை அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் அம்மன் கண்ணைக் குத்தும். பாதி போனது. போன பாதி செல்வி பக்கம் போய்ச் சேர்ந்தது. இப்போது ஆபீஸுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்த ஸ்டாஃபுகள் என்னைக் கேட்பது, "நீங்கதான் காப்பி அக்கா வீட்டுக்காரரா?" என்றுதான். வீட்டில் யாருக்காவது செருப்பு காணாமல் போனால் பிள்ளைகள் தேடுவதே இல்லை. "அப்பா கையில இருக்கும், பாரு" என்கிறார்கள். மாமியார்கூடச் சிரிக்கிறார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

இதைப் படித்தவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு அனுப்புங்கள். ஆனால் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், முழுசாக அனுப்புங்கள். என் பொறாமையை வேண்டுமானால் பெரிதாக்கிக் காட்டுங்கள். செருப்பை மட்டும் வெட்டி எடுத்துவிடாதீர்கள், சாமி.