றோசிக்காக ஜெபிக்க வரும் பணிப்பாளர்

அன்புள்ள றொபின் அண்ணைக்கு,

உரும்பிராயிலிருந்து தங்கை சீலா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் நலம். வவுனியாவுக்கு மாற்றலாகிப் போகும்போது நீங்கள் என்னிடம் விட்டுப்போன நாய் றோசி என்னைவிட நலம். தொலைபேசியில் சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்து றோசியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜெபம் முடிந்து ‘ஆமென்’ சொன்னால்தான் சாப்பாடு என்று அதைக் குட்டியிலேயே பழக்கியவர் நீங்கள். நான் வீட்டிலிருந்து மொழிபெயர்க்கும் கொழும்புத் தொண்டு நிறுவனத்தின் இணையவழிக் காலைக் கூட்டமோ பணிப்பாளர் ஜெபநேசன் ஐயாவின் ஜெபத்தோடு தொடங்குவது. எல்லோரும் சேர்ந்து ஆமென் சொல்லவேண்டுமாம், ஆகவே ஒலிவாங்கியை அணைக்கக்கூடாது. ஐயா நாட்டில் தொடங்கி, மழை, பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று வந்து, அலுவலகத்து மின்தூக்கி வரைக்கும் ஜெபிப்பார். மின்தூக்கி வருவதற்குள் மேசைக்கடியில் றோசி பசியில் முனகும். முனகல் மெல்ல விம்மலாகும். போன மாதம் ஒருநாள் ஐயா ஜெபத்தை நிறுத்தி, “ஆர் பிள்ளை உது அழுறது?” என்றார். “எங்கடை றோசி, ஐயா,” என்றேன். நாய் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், “பாவம், என்ன துக்கமோ!” என்று கண்ணை மூடிவிட்டார். ஜெபத்தில் குறுக்கிடும் துணிவு எனக்கு எங்கே? அன்றிலிருந்து மின்தூக்கிக்குப் பிறகு, “சகோதரி றோசியின் கண்ணீரைத் துடையும் ஆண்டவரே” என்பதும் சேர்ந்துவிட்டது. ஜெபம் நீள நீள அழுகை கூடுகிறது, அழுகை கூடக் கூட ஜெபம் நீளுகிறது, ஆமென் வந்ததும் றோசி பாய்ந்து என் புட்டையும் மீன் பொரியலையும் முடித்துவிடுகிறது, நான் பட்டினியாய் இருந்து மொழிபெயர்க்கிறேன். நேற்று அலுவலகத்து நிமலினி தொலைபேசி எடுத்தாள்: “அக்கா, ஐயா சனிக்கிழமை யாழ்ப்பாணம் வாறார். றோசியின்ரை தலையிலை கைவைச்சு ஜெபிக்கப் போறாராம்!” வீட்டில் அமைதி இல்லாதவர்கள் கொழும்புக்கே வந்து வேலை செய்யவேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர். இந்த வீட்டையும் வேலையையும் ஒன்றாக வைத்திருக்க றோசியை அனுப்புவதைவிட எனக்கு வேறு வழியில்லை. உள்ளதைச் சொன்னால், அது போவதை நினைக்க எனக்கும் விம்மல்தான் வருகிறது.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக. நாய் வந்து சேரும்வரை அவரே காக்கட்டும்.

இப்படிக்கு,
சீலா

பி.கு.: உறையை ஒட்டமுன் ஐயா வந்துவிட்டார், பயணத்தை முந்திவைத்தாராம். “எங்கை பிள்ளை றோசி?” என்றார். அது வந்து அவர்முன் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். “சரி, வந்தது வந்தாச்சு,” என்று தலையில் கைவைத்து ஜெபித்தார். ஆமென் என்றதும், சகோதரி றோசிக்கென்று அவர் கொண்டுவந்த கேக்கை அது பெட்டியோடு கிழித்துத் தின்றது. ஐயா சிரித்துச் சிரித்துக் கதிரையில் விழுந்தார். “இருபது வருசமாய் ஜெபிக்கிறன் பிள்ளை. என்ரை ஆமெனுக்கு இவ்வளவு ஆசையாய் ஒருத்தரும் காத்திருக்கேல்லை!” நீங்கள் வரவேண்டாம் அண்ணை. றோசிக்குத் திங்கட்கிழமை காலை கூட்டம் இருக்கிறது.