சகாயராஜ் வீட்டு வெள்ளைக்காரப் பாட்டு

"யாருப்பா போயிட்டது?" என்று கேட்டபடி எதிர்வீட்டுச் சாலம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே வந்ததும், சகாயராஜ் டேப்பை நிறுத்தினான்.

"யாரும் போவல அத்தை. பாட்டு கேக்குறேன்."

"இதுவா பாட்டு? அடிவயித்தப் பெசையுதே."

அதற்காகத்தான் அவன் கேட்டான். உப்பளத்தில் எடை போடும் சகாயராஜுக்கு, மற்ற பாட்டிலெல்லாம் அடுத்த வரி என்னவென்று முன்பே தெரிந்துவிடும். இதில் மனுஷனா மாடா என்று புரியாத ஏதோ ஒன்று ஏறுவதுபோல் போக்குக் காட்டி இறங்கியது. அடுத்து என்ன வருமோ என்று பயம். வராமலே போய்விடுமோ என்று அதைவிடப் பயம். ஒரு தடவையாவது கடைசிவரை கேட்காமல் விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தான்.

டேப்பு, இடையஞ்சாவடியில் ஒரு வெள்ளைக்காரரிடம் பழசாக வாங்கியது. பெண்டாட்டி வினோதினிதான் அதைப் போட்டுக் கேட்பாள்; அவள் கீழ்புத்துப்பட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போன பிறகுதான் இவன் கைக்கே வந்தது. உள்ளே பேர் எழுதாத கேசட் ஒன்று. வெள்ளைக்காரர் மறந்து உள்ளேயே விட்டுப்போனது என்று தானே முடிவு கட்டி, "ஃபாரின் மியூசிக். நம்மாளுங்களுக்குப் புரியாது" என்று டீக்கடை வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

சாலம்மாள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு போட்டான். பட்டப்பகலில் சாத்திய கதவுக்குள்ளிருந்து அப்படியொரு சத்தம் வந்தால் தெரு என்ன நினைக்கும்? உள்ளே பிணத்தைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று நினைத்தது. வாசலில் ஆள் சேர்ந்தது.

பின்பக்கமாக டேப்பை சைக்கிளில் கட்டிக்கொண்டு உப்பளத்துக் கொட்டகைக்கு ஓடினான். அங்கே பாட்டு இன்னும் மெதுவாக, இன்னும் பயங்கரமாக, இன்னும் அழகாக இருந்தது. உப்பு வாரியவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"யாருண்ணே?"

"எல்லாரும் நல்லாத்தான்பா இருக்காங்க."

"அண்ணி எங்க?"

"அவங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். "பாவம், அதுக்கு இன்னும் மனசு ஒத்துக்கல" என்று அவனைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வீட்டில் அதற்குள் நாற்காலி வந்திருந்தது, மாலை வந்திருந்தது, பேண்டு செட்டு நடராசனும் கிளாரினெட்டோடு வந்திருந்தார்.

சகாயராஜ் டேப்பை நடுவாசலில் வைத்தான்.

"யாரும் வாயத் தெறக்கக் கூடாது. கடேசி வரைக்கும் கேளுங்க. அப்புறம் சொல்லுங்க, இது எப்பேர்ப்பட்ட பாட்டுன்னு."

கேட்டார்கள். முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டு இழுத்து இழுத்து, ஒரு பெரிய முனகலோடு நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணும் புரியல. ஆனா இன்னொரு வாட்டி போடு" என்றாள் சாலம்மாள்.

சகாயராஜ் கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். நடராசன் மட்டும் எழுந்து வந்து, டேப்பைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, பேட்டரியை நசுக்கிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லப்பா சகாயம், அதான் இப்பிடி இழுக்குது. பாட்டு, உன் கல்யாணத்துக்கு நாங்க வாசிச்சது."