வகுப்பறையில் மீதமுள்ள ஓர் இடம்

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தானின் வணக்கம். இங்கே எல்லாம் சுகம், என் மதிப்பெண் ஒன்றைத் தவிர. அங்கே தங்கையும் குழந்தைகளும் நலம்தானே?

ஓர் உதவி வேண்டும். ஓய்வு பெற்ற கையோடு நானும் உங்கள் அக்காவும் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கச் சேர்ந்தோம் அல்லவா? கடைசிப் பருவத்துக்கு வகுப்பறையில் ஒரே ஓர் இடம்தான் மீதமாம். மற்றவர் ஆன்லைனில்தான் படிக்க வேண்டும். அந்த இடத்தை எனக்கு விட்டுத்தரும்படி அவளிடம் நீங்கள்தான் பக்குவமாகப் பேச வேண்டும். நான் சொன்னால் எடுபடாது.

முதல் பருவத்தில் காலையில் நான் நேரில் போய் வந்துவிடுவேன். சாயங்காலம் அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறப்பாள். பருவ முடிவில் எனக்கு எழுபத்தொரு மதிப்பெண், அவளுக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் பம்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன் சும்மா இருப்பேனா? ஆண் மூளை, பெண் மூளை என்று பன்னிரண்டு பக்க ஆய்வே எழுதிக் கொடுத்தேன். பேராசிரியை ஓரத்தில் எழுதியது ஒரே வரி: "ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இரண்டு பேர். அதில் ஒருவர் நீங்கள்."

இரண்டாம் பருவத்தில் அவள் வகுப்பறைக்குப் போய்விட, நான் வீட்டில் தனியாக ஆன்லைன். பேராசிரியை 'சராசரி' என்று வாயெடுத்தால் அழைப்பு மணி, தண்ணீர் கேன்காரர், 'நிகழ்தகவு' என்றால் குக்கர் விசில், எழுந்து போய் வந்தால் பாடம் எங்கேயோ போயிருக்கும், இதற்கு நடுவே மேல்வீட்டம்மா சாவி கொடுக்க வந்து முக்கால் மணி நேரம் மருமகளைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போனார், மைக்கை அணைக்க மறந்த பாவி நான், மறுநாள் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் "அப்புறம் அந்த மருமக என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்கிறார்கள். ரிசல்ட்? அவளுக்கு எண்பத்தெட்டு, எனக்கு முப்பத்தொன்பது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து படிப்பது ஆண்பிள்ளைக்கு ஒத்துவராது, பெண்களுக்குப் பழக்கம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

குழந்தைகள் நன்றாகப் படிக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை அவளிடமே படித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தாள். "இதுக்கா தம்பிக்குக் கடுதாசி? நீங்களே போங்க, நான் வீட்லயே படிச்சுக்கறேன். ஆனா என் கிளாஸ் நேரத்துல மணி அடிச்சா, நீங்க எழுந்து போய்த் திறப்பீங்களா?" என்று கேட்டாள். முதல் பருவத்தில் அத்தனை சாயங்காலமும் நான் வீட்டில்தான் இருந்தேன். ஒருநாளும் எழுந்ததில்லை, டீ வேறு கேட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. நீங்கள் அவளிடம் எதுவும் பேச வேண்டாம். வகுப்பறைக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.