மாப்பிள்ளையூரணிக்கு ஒரு மன்னிப்பு

"இன்னும் ஒத்த டிக்குதானா அண்ணாச்சி?" என்று கேட்டான் பக்கத்து மேசை தமீம்.

"ஒத்த டிக்குதான்."

வீரபாகு வாட்ஸப்பை மூடிவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் கேட்ட மன்னிப்பு காலையிலிருந்து அதற்குள்ளேயே கிடந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி ஏஜென்சியில் அவர் சீனியர் கிளார்க். தூத்துக்குடியில் பூட்டி சீல் வைத்த கண்டெய்னரை ஐரோப்பா வரைக்கும் அலுங்காமல் அனுப்பிவைப்பார். அப்பேர்ப்பட்டவரால் ஒரு நாலு நிமிட வீடியோவை, ஊர் எல்லையில் இருக்கிற மாப்பிள்ளையூரணிக்கு அனுப்ப முடியவில்லை.

அங்கேதான் அவர் மனைவி உமாராணி அம்மா வீட்டில் இருக்கிறாள். போன வாரம் தையல் மிஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். துணிப்பையோடு போனால் இரண்டு நாளில் வருவாள். மிஷினோடு போனவள் அவ்வளவு லேசில் வரமாட்டாள் என்று வீரபாகுவுக்கே புரிந்தது. ஆட்டோவில் உட்கார்ந்தபிறகு ஒன்று சொன்னாள்.

"என்ன தப்பு பண்ணுனோம்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. தெரியாம அங்கன வந்து நின்னியன்னா நான் வெளியவே வரமாட்டேன்."

சிக்கலே அதுதான். என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சொல்லியிருப்பாள், பல தடவை சொல்லியிருப்பாள். ஆனால் மனைவி பேசும்போது "ம்" போடுகிற பழக்கம் கல்யாணமான புதிதிலேயே அவருக்கு வந்துவிட்டது. அந்த "ம்"முக்கும் அவர் காதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அவளுக்குப் போன் போட்டால் யாரோ ஓர் அம்மாள் இங்கிலீஷில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதையாவது கடைசிவரை கேட்டாரா என்றால் அதுவும் இல்லை. மாமியார் செல்லக்கனியிடம் ஒரு பட்டன் போன் உண்டு. அதற்கு அடித்தால் ஒரே கேள்விதான்.

"காரணம் தெரிஞ்சுதா மருமவனே?"

"இல்ல அத்தை, அது வந்து…"

டொக்.

இப்படித்தான் வீடியோ யோசனை பிறந்தது. தமீம் காயல்பட்டினத்துக்காரன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோக்களையெல்லாம் எடிட் பண்ணிக் கைதேர்ந்தவன்.

"எந்தத் தப்புன்னு தெரியலன்னா எல்லாத் தப்புக்கும் சேத்து மன்னிப்புக் கேட்ருங்க அண்ணாச்சி. ஏதாவது ஒண்ணுல படாமலா போவும்?"

முத்துநகர் கடற்கரையில் சூரியன் உதிக்க, அதற்கு முன்னால் நின்று வீரபாகு கேட்டார். கல்யாண நாளை மறந்ததற்கு. மீன் குழம்பில் உப்புக் குறைவு என்று அவள் தங்கச்சி முன்னால் சொன்னதற்கு. கரண்டு பில் கட்டாமல் விட்டு ஃபியூஸைப் பிடுங்க வைத்ததற்கு. காய்ச்சல் என்று ஆபீசுக்கும் அவளுக்கும் சேர்த்துப் பொய் சொல்லிவிட்டு மேட்ச் பார்த்ததற்கு.

"நீ கண்ணு வலிக்க வலிக்க ஜாக்கெட்ல பூ வேல செய்யுத. அதப் படம் பிடிச்சு ஸ்டேட்டஸ்ல வச்சு ஆர்டர் பிடிக்க. நான் ஒரு நாள்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல உமா" என்ற இடத்தில் அவர் நிஜமாகவே அழுதுவிட்டார். மிஷின் சத்தம் இல்லாத அந்த வீட்டில் அவருக்குத் தூக்கமே வரவில்லை. மனுஷன் ஏங்கித்தான் போயிருந்தார்.

தமீம் பின்னணியில் வயலின் சேர்த்தான். பார்த்தவர்கள் அத்தனை பேரும் அழுதார்கள். அதாவது, வீரபாகுவும் தமீமும்.

"சரக்கு ஏ ஒன்" என்றான் தமீம். "ஆனா குடோன்லயே கெடந்தா யாருக்கு என்ன பிரயோசனம்? இத்தன நேரம் ஒத்த டிக்குன்னா அக்கா உங்கள பிளாக் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்."

"இப்ப என்னலே செய்ய?"

"வேற ரூட்ல அனுப்பணும்."

முதல் ரூட், அடுத்த வீட்டு ஜெபசுதா. உமாராணியின் உயிர்த்தோழி. வீடியோவை வாங்கிக்கொண்டு, "கவலப்படாதிய அண்ணே, நான் அனுப்புதேன்" என்றாள். சாயங்காலம் அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

"எனக்கும் ஒத்த டிக்கு! உங்களால என்னையும்லா பிளாக் பண்ணிட்டா!"

"நீ ஒரு எட்டு நேர்ல போய்க் காட்டிரேன்மா."

"என்னைப் பிளாக் பண்ணுனவ வாசலுக்கு நான் போகவா? நல்லாருக்கே! நம்ம தெரு லேடீஸ் குரூப்ல போட்டிருக்கேன். எவளாவது அனுப்பிக்கிடட்டும்."

மறுநாள் காலையில் பால் வாங்கப் போன வீரபாகுவை, பலசரக்குக்கடை மகாராஜன் அண்ணாச்சி மறித்துக்கொண்டார்.

"ஏலே, நீ நல்லாயிருப்பியாலே? இன்னைக்கு எனக்குக் காப்பி கெடையாது. 'அவரு எப்படிக் கேக்காரு பாருங்க, நீங்களும்தான் இருக்கிய'ன்னு எம் பொண்டாட்டி சொல்லுதா. நான் ஒரு தப்பும் பண்ணலியேன்னேன். அதையே வீடியோவுல சொல்லுங்கங்கா!"

"உமா பாத்துட்டாளா அண்ணாச்சி?"

"உம் பொண்டாட்டியத் தவுத்து எல்லாப் பொண்டாட்டியும் பாத்தாச்சு."

தெருவில் நடமாட முடியாமல் ஆபீசுக்கு ஓடினார். தமீம் கலங்கவில்லை.

"எங்க ஊர் குரூப்ல போட்டுருதேன். துபாய், ஹாங்காங் எல்லாம் சுத்திட்டு மாப்பிள்ளையூரணிக்குத் தானா வந்துரும்."

"பக்கத்து ஊருக்குத் துபாய் வழியாவாலே?"

"நம்ம கண்டெய்னரு கொழும்பு சுத்திப் போவலியா அண்ணாச்சி?"

இருபது வருஷமாக அந்த வேலையைத்தான் பார்க்கிறார் என்பதால் வீரபாகுவால் மறுத்துப் பேச முடியவில்லை.

வீடியோ துபாய் போனது. அங்கே ஊரைவிட்டு, வீட்டைவிட்டுக் கிடக்கிற ஆண்களுக்கு ஏற்கெனவே மன்னிப்புப் பாக்கி நிறைய இருந்தது. "உமா" என்று வருகிற இடங்களை மட்டும் வெட்டிவிட்டு, "இவர் சொல்வதுதான் என் மனதிலும்" என்று ஒரு வரி சேர்த்து அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சவூதி தம்மாமிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், அண்ணனைக் 'காக்கா' என்கிற காயல் வழக்கில், குரல் பதிவு அனுப்பினார்: "காக்கா, நல்லாருக்கு. மீன் கொழம்ப எடுத்துட்டு அந்த எடத்துல பிரியாணி போட்டுத் தரலாமா?"

ஹாங்காங் போனது. அங்கே ஏஜென்சியின் வாடிக்கையாளர் ஒருவர் பார்த்துவிட்டு, அதை மேனேஜர் ஞானதீபத்துக்கே அனுப்பிவைத்தார்.

ஞானதீபம் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது. "வீரபாகு, அழுதுட்டேன்வே."

"ரொம்ப சந்தோசம் சார்."

"அழுது முடிச்சுட்டு ரெண்டாந்தரம் பாத்தேன். அதென்னவே, காய்ச்சல்னு லீவு போட்டுட்டு மேட்ச்சு? ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு உம்ம பாக்க வந்தேனேவே!"

வீரபாகு மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எனக்கும் ஒரு வீடியோ அனுப்பும். வயலினோட."

கடைசி முயற்சியாக உள்ளூர் கேபிள் டிவியில் ஒளிபரப்பினார்கள். மாமியார் தவறாமல் சீரியல் பார்க்கிற நேரமாகப் பார்த்துத்தான் போட்டார்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளையூரணியில் மட்டும் கரண்டு இல்லை.

இனி ஆவது ஆகட்டும் என்று வீரபாகு ஷேர் ஆட்டோவில் ஏறினார். டிரைவர் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"நீங்கதானே அந்த அழுத அண்ணாச்சி? எங்க வீட்டுல உங்க படத்த வால்பேப்பரா வச்சிருக்கா. உங்களப் பாத்துத் திருந்தணுமாம் நானு."

கூட வந்த பெண்கள் அவரைக் கனிவோடு பார்த்தார்கள். ஆண்கள் பார்த்த பார்வையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"காரணம் தெரிஞ்சுதா மருமவனே?"

"ஒலகத்துக்கே தெரிஞ்சு போச்சு அத்தை!" வீரபாகுவுக்குக் குரல் உடைந்தது. "துபாய்ல பாத்தாச்சு, ஹாங்காங்ல பாத்தாச்சு. யாருக்காக எடுத்தனோ அவ ஒருத்தி பாக்கல. என்னைப் பிளாக் பண்ணுனது சரி, பாவம் அந்த ஜெபசுதா என்ன செஞ்சா?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. உமாராணி கையில் துணியோடு வாசலுக்கு வந்தாள். வரமாட்டேன் என்றவள் வந்துவிட்டாள்; அந்த ஒரு கணம் வீரபாகுவுக்கு உயிர் திரும்பியது.

"நான் எங்க பிளாக் பண்ணுனேன்? என்ன வீடியோ?"

அவர் தன் போனையே நீட்டினார். அவள் நின்றபடி பார்த்தாள். மீன் குழம்புக்கு முறைத்தாள். மேட்ச்சுக்குப் பல்லைக் கடித்தாள். ஜாக்கெட் இடம் வந்ததும் கையிலிருந்த துணியால் கண்ணைத் துடைத்தாள். முடிந்ததும் நெடுமூச்சு விட்டாள்.

"இவ்வளவு பாசத்த வச்சுக்கிட்டு இத்தன நாளும் எங்க ஒளிச்சு வச்சிருந்திய? எல்லாம் சொல்லிட்டிய. அந்த ஒண்ணத் தவுத்து."

"எந்த ஒண்ணு?" என்றார் வீரபாகு, பரிதாபமாக.

செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆர்டர் பிடிக்க போனுக்கு ரீசார்ஜ் போடுங்க, போடுங்கன்னு மாசம் பூரா உம்ம கிட்ட கெஞ்சியிருக்கா, நீரு 'ம்' போட்டீரே ஒழிய அதப் போடவே இல்லையே மருமவனே!"