புது டயர் யாருக்கு?

கார் ஜாக்கின் மேல் நின்றது. நூலகர் தரையில் நின்றார். இருவரில் கார்தான் நிதானமாக இருந்தது.

"புதுசு ரெண்டையும் முன்னாடி போடறதா, பின்னாடி போடறதா?"

"பின்னாடி," என்றார் டயர்கடைக்காரர்.

"ஸ்டியரிங் முன்னாடிதானே இருக்கு?"

"இருக்கட்டும் சார். மழையில முன்னாடி வழுக்கினா கையில தெரியும், சமாளிச்சிடலாம். பின்னாடி வழுக்கினா வண்டி பம்பரம் மாதிரி சுத்திடும். பாதி தேஞ்ச ரெண்டும் முன்னாடி இருக்கட்டும். புதுசு பின்னாடி."

நாற்பதாயிரம் புத்தகங்களில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் நூலகர். சொந்த வீட்டு விஷயம் என்றால் மட்டும் அந்தத் திறமை நூலகத்திலேயே தங்கிவிடும். வாசல் கேட்டுக்குப் பச்சையா நீலமா என்று ஒரு மாதம் யோசித்து, கடைசியில் ஒரு கதவுக்குப் பச்சையும் ஒரு கதவுக்கு நீலமும் அடித்தவர் அவர்.

இந்தத் தடவை விஷயம் கேட் அல்ல. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் சேயையும் அழைத்து வர வேண்டும். நாற்பது கிலோமீட்டர், அதில் பாதி ஏரிக்கரை வளைவுகள், மழை வேறு விட்டபாடில்லை. சம்பந்தியிடமும் ஒரு கார் இருந்தது. அதில் நான்கு டயரும் புதுசு. நூலகரின் வண்டி மேல் ஒரு சின்னச் சந்தேகம் வந்தால் போதும், பேத்தி நேராக அந்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "எங்க போட்டீங்க?"

"பின்னாடி."

"கடைக்காரர் சொன்னாரா, நீங்களா முடிவு பண்ணினீங்களா?"

"அவர்தான் சொன்னார்."

"அப்ப சரி. பில்லைக் கொடுங்க, பத்திரமா வைக்கிறேன்."

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கூடத்து நாற்காலியில் நூலகரின் அப்பா உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸிலிருந்து இறங்கினாரே தவிர, பஸ் அவரை விட்டு இறங்கவில்லை.

"பின்னாடியா? எந்த மடையன் சொன்னான்? எங்க டிப்போல புது டயர் வந்தா முன்னாடிதான் மாட்டுவோம். தேஞ்சது பின்னாடி போகும்."

"பஸ்ல பின்னாடி நாலு டயர் இருக்குப்பா."

"அதைத்தான் நானும் சொல்றேன். முன் சீட்டுல நான் உட்கார்ந்து வரணும். எனக்குக் கீழே பழைய டயர்னா நான் வரலை. கொள்ளுப்பேத்தி எப்ப வருதோ அப்ப பார்த்துக்கறேன்."

நூலகரின் முகம் மாறத் தொடங்கியது. மனைவி அதைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். இருபத்தேழு வருடமாகப் பார்த்த முகம். பிறகு சமையலறைக்குப் போய் யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசினாள். அக்காவாக இருக்கும் என்று நூலகர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "அப்பா சொல்றதும் ஒரு வகையில..."

"சரிங்க. முன்னாடியே மாத்திட்டு வாங்க."

ஒரே வார்த்தையில் அவள் ஒத்துக்கொண்டது நூலகருக்கு லேசாகப் பயத்தைக் கொடுத்தது.

டயர்கடையில் கல்லா மேசையில் கடைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நூலகர் விஷயத்தைச் சொன்னதும் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உள்ளே உட்காருங்க சார், டீ தர்றேன்," என்று அவள் பேப்பரையும் நீட்டினாள். வெளியே ஜாக் கிறீச்சிட்டது. ஸ்பேனர் விழுந்தது. பேப்பரில் பாதி படிப்பதற்குள் "ஆச்சு சார்" என்று குரல் வந்தது.

நான்கு டயர்களும் கழுவிக் கருப்பு பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றன. எது புதுசு, எது பழசு என்று தெரியவே இல்லை.

"எவ்வளவு ஆச்சு?"

"வேண்டாம் சார். நம்ம வண்டிதானே."

இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனிதர் என்று நூலகர் நெகிழ்ந்துபோனார். ஸ்டியரிங்கைப் பிடித்ததுமே வித்தியாசம் தெரிந்தது. முன்பக்கம் ரோட்டைக் கவ்விக்கொண்டு போனது. வீட்டு வாசலில் அப்பா முன் டயரைச் செருப்புக் காலால் ஓர் உதை விட்டார். "இது புதுசு. கல்லு மாதிரி இருக்கு பாரு. காலே சொல்லும்டா."

வெள்ளிக்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, புது டயரை முன்னாடி போட்டிருக்கீங்களாமே? தாத்தா சொன்னார். மழையில பின்பக்கம் இழுத்துட்டுப் போயிடும்னு மாமா பயப்படறார். எதுக்கு வம்பு, நம்ம வண்டியிலயே வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்றார்."

"உங்க மாமனார் கிடக்கட்டும்மா. நான் பார்த்துக்கறேன்."

பின்னாடி மாற்றினால் அப்பா வரமாட்டார். முன்னாடி விட்டால் பேத்தி வரமாட்டாள். நூலகர் காகிதத்தில் காரை வரைந்தார். இடது பக்கம் முன்னால் அப்பா. இடது பக்கம் பின்னால் மகளும் குழந்தையும். வலது பக்கம் ஓட்டுகிற தானும், பின்னால் மனைவியும். அப்படியானால் புதுசு இரண்டையும் இடது பக்கம் போட்டுவிட்டால் போயிற்று. பழைய டயரின் மேல் தானும் மனைவியும் மட்டும். வீட்டில் பழசு எல்லாம் எப்போதும் அவர்கள் பங்குக்குத்தான் வரும்.

மனைவியிடம் படத்தைக் காட்டினார்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க," என்றாள் அவள். "மாத்திட்டு வாங்க. அவசரமில்லை, டீயைக் குடிச்சிட்டே வாங்க."

"உனக்கு உடம்பு ஏதாவது..."

"நல்லாத்தான் இருக்கேன்."

டயர்கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே பக்கமா?"

"ஒரே பக்கம்."

"சரி சார். உள்ளே உட்காருங்க."

டீ, பேப்பர், ஜாக், பாலிஷ். திரும்பி வரும்போது வண்டி இடது பக்கம் இழுத்தது. சந்தேகமே இல்லை. நூலகர் வழியெல்லாம் ஸ்டியரிங்கை வலது பக்கமாகவே பிடித்து ஓட்டி, வீட்டு வாசலில் பச்சைக் கதவில் ஒரு கீறல் போட்டார். மணிக்கட்டு வேறு வலித்தது.

சனிக்கிழமை காலை அவருக்குத் தெளிவு பிறந்தது. முன்னால் இடது மூலையில் ஒன்று, அப்பாவுக்கு. பின்னால் வலது மூலையில் ஒன்று, அந்தப் பக்கம் மகளையும் குழந்தையையும் உட்கார வைத்துவிடலாம். எதிரெதிர் மூலை. வண்டி எந்தப் பக்கமும் இழுக்காது. கடைக்காரர் இந்தத் தடவை கேள்வியே கேட்கவில்லை. வண்டியும் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக வந்தது. நாலு நாளில் முதல் தடவையாக நூலகர் மத்தியானம் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் சம்பந்தி சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். நூலகரின் காரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"நாலும் புதுசா போட்டுட்டீங்களா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத நூலகர் தும்மினார். மகள் குழந்தையோடு அப்பாவின் காரில் ஏறினாள்.

ஏரிக்கரை மூன்றாவது வளைவில் தண்ணீர் தேங்கி நின்றது. முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. நூலகர் பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். கரைக்கு அந்தப் பக்கம் ஏரி. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. வால் பக்கம் இம்மிகூட நகராமல், வேனை ஒட்டினாற்போல் தாண்டி நேராக நின்றது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"முன் டயர்," என்றார் அப்பா கடைசியில். "நான் சொன்னேனில்ல."

மனைவி பேத்தியின் போர்வையைச் சரி செய்தாள்.

திங்கட்கிழமை நூலகர் இனிப்புப் பெட்டியோடு டயர்கடைக்குப் போனார். அவர் காரை நிறுத்தியதுமே கடைக்காரர் ஜாக்கை எடுத்துக்கொண்டு வந்தார். கல்லா மேசையிலிருந்த அவர் மனைவி டீ ஊற்றத் தொடங்கினாள்.

"இல்லை, இல்லை. இன்னிக்கு மாத்த வரலை. நன்றி சொல்ல வந்தேன்," என்று நூலகர் ஏரிக்கரைக் கதை முழுவதையும் சொன்னார். முடிவில் கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தார். "முன்னாடி மட்டும் இருந்தாலும் ஏரிதான், பின்னாடி மட்டும் இருந்தாலும் ஏரிதான். எதிரெதிர் மூலையில போட்டோம் பாருங்க, அதுதான் காப்பாத்திச்சு. என் சொந்த யோசனை."

கடைக்காரர் கீழே விழாத ஸ்பேனரைக் குனிந்து தேடினார். அவர் மனைவி டீயை நூலகர் முன் வைத்தாள்.

"'அவர் இன்னும் நாலு தடவை வருவார், தூக்கி இறக்கி டீ கொடுத்து அனுப்புங்க, பின்னாடி போட்ட புதுசை மட்டும் தொட்டுடாதீங்க'ன்னு உங்க வீட்டம்மா புதன்கிழமையே போன்ல சொல்லிட்டாங்க சார், இன்னிக்கோட நாலு ஆச்சு."